ஆறு காம்பரா லயம், ஒரு நூதனசாலை: கூரை வேலைக்குக் காசு சேர்த்த கணக்கு

லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. அப்படி ஒன்றை நூதனசாலை ஆக்கியிருக்கிறீர்கள், கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். மழை கொட்டும்போது கையில் ஒரு வெண்கட்டியோடு அந்தக் கட்டடத்துக்குள் நில்லுங்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது. சொட்டு விழும் இடத்தில் தரையில் ஒரு வட்டம், பக்கத்தில் நேரம், காற்று எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி. மூன்று பெருமழை பார்த்தால் ஓட்டை எது, கூரையோரப் பீலி நிறைந்து உள்ளே வழிவது எது, சுவரோரத்தால் இறங்குவது எது என்று பிரிந்துவிடும். இந்த வட்டங்களைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு எந்த விண்ணப்பத்துக்கும் இதைவிட நல்ல இணைப்பு கிடைக்காது.

ஒரு சொட்டு மட்டும் ஆளை ஏமாற்றும். மழையே இல்லாத காலை ஆறு மணிக்கு, தகரத்தைத் தாங்கும் ரீப்பைச் சட்டத்தின் அடிப்பக்கம் நீளத்துக்கும் முத்து முத்தாய் நீர் நின்று, ஒவ்வொன்றாய்ப் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) புத்தகத்தின் மேல் விழும். அது ஒழுக்கு இல்லை. இரவுக் குளிரில் தகரம் சில்லிட்டு, உள்ளே இருக்கும் ஈரக் காற்று அதில் படிந்து வியர்க்கிறது. தகரத்தை மாற்றினாலும் இது நிற்காது. தகட்டுக்கு அடியில் அலுமினியப் படலம் ஒட்டிய நுரை விரிப்பு போட்டு, முகட்டோரம் காற்று வெளியேற வழி விட்டால்தான் நிற்கும். மதிப்பீட்டில் அந்த விரிப்பு இல்லாமல் விட்டவர்கள் புதுக் கூரைக்குக் கீழே பழைய வாளியைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இங்கே கணக்குப் போடும் கட்டடம் மலையகத்தில் எங்கும் காணும் ஒற்றை லயம். ஆறு காம்பரா (அறை), ஒவ்வொன்றும் 10 அடி அகலம், 12 அடி ஆழம், முன்னால் 6 அடி இஸ்தோப்பு (திண்ணை). கருங்கல் சுவர், மண்ணும் சுண்ணாம்பும் கலந்த சாந்து, மேலே தகரம். பின்னால் மேடு. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் 2007 இல் தொழிலாளர் நூதனசாலை ஆக்கியதும் இப்படி ஒரு லயத்தைத்தான். ஹந்தானையில் 1925 இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கும் நூதனசாலையோடு இதை ஒப்பிட முடியாது. அங்கே நாலு மாடி, டிக்கெட், கடை, உணவகம் என்று வருமானத்துக்கு வழி இருக்கிறது. லயத்து நூதனசாலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். உண்டியலில் விழுவதை நம்பிக் கூரை மாற்ற முடியாது.

முதலில் அடிக்கணக்கு

காசு கேட்கப் போகும் முன் அளவு கையில் இருக்க வேண்டும். அளவு தெரியாமல் கேட்டால் தருகிறவர் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார், பிறகு அந்தத் தொகைக்குள் கூரையைச் சுருக்க வேண்டி வரும்.

லயத்தின் நீளம் 60 அடி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி வெளியே நீட்டினால் 62. முன்சரிவு 13 அடி, பின்சரிவு 10½ அடி. ஒரு தகடு மேல்படிவு போக 2½ அடி மூடும் என்று கொண்டால் ஒரு சரிவுக்கு 25 தகடு. முன்னால் 25 × 13 = 325 அடி, பின்னால் 25 × 10½ = 262½ அடி. மொத்தம் 588 அடி ஓடும் நீளம். சிங்க்-அலுமினியத் தகடு அடிக் கணக்கில் வெட்டி விற்பதால் இந்த ஒரு எண்தான் எல்லா விலைக்கும் அடிப்படை. தகட்டின் உண்மையான மூடும் அகலத்தைக் கடையில் நாடா வைத்து அளந்து பாருங்கள். கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் மேல்படிவையும் சேர்த்த முழு அகலம். அதை நம்பி 22 தகடு வாங்கியவர்களுக்கு மூன்றுக்காக இன்னொரு லொறிக் கூலி.

சரிவுக்கு ஒரே துண்டாக வாங்குங்கள். நடுவில் மேல்படிவு வந்தால் அங்கேதான் முதலில் ஒழுகும். ஆனால் 13 அடித் தகடு ஏற்றிய லொறி தோட்டத்து வளைவில் திரும்புமா என்று ஓட்டுநரைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். திரும்பாது என்றால் தார் ரோட்டில் இறக்கி, தகட்டுக்கு இரண்டு ஆள் வீதம் சுமக்கும் கூலி வரும். மதிப்பீட்டில் அதற்கு ஒரு தனி வரி போடுங்கள். போடாவிட்டால் அந்தக் கூலி யாருடைய காசிலும் அடங்காது.

ரீப்பை 2×2, இடைவெளி 2½ அடிக்கு மேல் போகக் கூடாது. முன்சரிவில் 7 வரிசை, பின்சரிவில் 6. பதின்மூன்று வரிசை × 62 அடி = 806, வெட்டுச் சேதம் 10 வீதம் சேர்த்து 890 அடி. திருகாணி: தகடு ஒன்றுக்கு ஒவ்வொரு ரீப்பையிலும் நான்கு, ஆக 13 × 25 × 4 = 1,300. விழுவது, வளைவது சேர்த்து 1,500 வாங்குங்கள். முகட்டுத் தகடு 8 அடி நீளத்தில் ஒன்பது. நுரை விரிப்பு 1,600 சதுர அடி.

ரீப்பையைத் தாங்கும் கைமரம் பற்றிக் கூரையைப் பிரிக்கும் வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கிராண்டிஸ் மரம் என்றாலும் டர்ப்பன்டைன் மரம் என்றாலும் அழுகுவது சுவரில் உட்காரும் முனைதான். திருப்புளியை அங்கே குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. முழுக் கைமரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. அழுகியதை நல்ல மரம் தெரியும் வரை வெட்டி, அதே பருமனான துண்டைப் பக்கவாட்டில் 3 அடி சேர்த்து, 12 மி.மீ. போல்ட் மூன்று முடுக்கினால் போதும். இதை மதிப்பீட்டில் “கைமர முனை ஒட்டுதல், ஒன்றுக்கு இவ்வளவு, 10 எண்ணம்” என்று எழுதச் சொல்லுங்கள். பிரித்த பிறகு எண்ணிப் பார்த்து, எண்ணத்துக்குக் காசு. “கைமர வேலை, மொத்தம்” என்று எழுதினால் இரண்டு முனை அழுகியிருந்தாலும் பத்துக்கான காசு போகும். பதினைந்து அழுகியிருந்தால் வேலை எடுத்த பாஸ் (தலைமைக் கைவினைஞர்) வேலையை நிறுத்திவிட்டுப் பேச வருவார்.

பீலி 5 அங்குலம். நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் சரிவு, 31 அடிக்கு 2 அங்குலம். பிடி இரண்டு அடிக்கு ஒன்று, இரு பக்கமும் 64. இறங்கு குழாய் 4 அங்குலம், நான்கு. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் ஒரு மழை அடித்தால் இந்தக் கூரையிலிருந்து மணிக்கு 12,000 லீற்றர் தண்ணீர் இறங்கும். அது எங்கே போகும் என்று சொல்லாத மதிப்பீட்டை வாங்காதீர்கள்.

காணி யாருடையது

தகட்டின் விலையைவிட இந்தக் கேள்விதான் அதிகம் விண்ணப்பங்களைக் கவிழ்த்திருக்கிறது. லயம் உங்கள் கைவசம் இருக்கலாம், திறப்பும் உங்களிடம் இருக்கலாம். ஆனால் காணி ஜனவசம என்ற அரச தோட்டச் சபையினுடையது, அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தினுடையது. 1992 முதல் 53 வருடக் குத்தகையில் அதை நடத்துவது கம்பனி. தோட்டத்துத் துரை, அதாவது முகாமையாளர், நல்லவராக இருந்து “செய்யுங்கள்” என்று ஒரு கடிதம் தருவார். அடுத்த வருடம் அவருக்கு மாற்றம் வந்தால் அந்தக் கடிதமும் அவரோடு போய்விடும். கம்பனியின் தலைமை அலுவலகக் கடிதத்தாளில், கட்டடத்தின் எல்லை, பயன்படுத்தும் வருடம், பழுது பார்க்கும் உரிமை, பழைய பொருள் யாருக்கு என்ற நான்கும் எழுதிய கடிதம் வேண்டும். குறைந்தது பத்து வருடம் கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு மட்டும் உரிமையுள்ள கட்டடத்துக்கு இருபது வருடக் கூரை போட எந்த நிதியமும் யோசிக்கும்.

“பழைய பொருள் யாருக்கு” என்பதை மறக்காதீர்கள். கழற்றிய தகரத்துக்குச் சந்தையில் விலை உண்டு. எழுத்தில் அனுமதி இல்லாமல் விற்றால் அது தோட்டத்துச் சொத்தை விற்றதாகும். அனுமதி இருந்தால் எடை போட்டு, விற்று, வரவில் எழுதுங்கள். நல்ல தகரம் நான்கைந்தை விற்காமல் வையுங்கள். காட்சிக்கு ஒன்று போதும், மற்றவை தோட்டத்தில் யாருடைய கோழிக்கூட்டுக்காவது ஆகும்.

சங்கத்தின் பதிவும் வேண்டும். 1980 இன் 31 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதிந்திருந்தால் வெளிநாட்டு நிதிக்கும் கதவு திறக்கும். பிரதேச செயலகத்தில் மட்டும் பதிந்த சங்கம் என்றால் அரச நிதிக்கும் உள்ளூர் நன்கொடைக்கும் அதுவே போதும். வங்கிக் கணக்கு நடைமுறைக் கணக்காக, மூன்று கையொப்பத்தில் எவரேனும் இரண்டு என்ற விதியோடு இருக்கட்டும். மூவரில் ஒருவராவது தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவராக வேண்டும். கையொப்பத்துக்காகக் கொழும்புக்குக் காசோலை அனுப்பிக் காத்திருக்கும் நாளிலும் பாஸுக்குக் கூலி கேட்கும்.

பின் மேட்டை வெட்டித் தடுப்புச் சுவர் கட்டுவதோ புதிதாக ஓர் அறை சேர்ப்பதோ திட்டத்தில் இருந்தால், நுவரெலியா, கண்டி, பதுளை, மாத்தளை போன்ற மண்சரிவு மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் அறிக்கை தேவைப்படும். தொல்பொருள் திணைக்களம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக வர்த்தமானியில் அறிவித்த கட்டடம் என்றால் அவர்களுடைய எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் ஆணியைக்கூடத் தொடக் கூடாது.

ஒரு வேலை, மூன்று மதிப்பீடு

கானுக்கு, அதாவது லயத்தின் பின்னால் ஓடும் வடிகாலுக்கு, யாரும் காசு தர மாட்டார்கள். பல வருடமாகக் கண்டது இதுதான். கண்ணாடிப் பெட்டிக்கு, விளக்குக்கு, பெயர்ப்பலகைக்குத் தருவார்கள். கூரைக்கும் கொஞ்சம் கெஞ்சினால் தருவார்கள். சுவருக்குப் பின்னால் மண்ணில் மறையும் கானுக்குப் படம் எடுக்க முடியாது, திறப்பு விழாவில் நாடா வெட்ட முடியாது. ஆனால் பின்சுவர் ஊறுவதற்குக் காரணம் அந்தக் கான் மண்மூடிக் கிடப்பதுதான். அதனால் கானைத் தனியாக எழுதாதீர்கள். “மழைநீர் ஒழுங்கு: கூரை, பீலி, இறங்கு குழாய், கான்” என்று ஒரே தொகுதியாக எழுதுங்கள். அதில் பொய் இல்லை. மணிக்கு 12,000 லீற்றர் தண்ணீருக்கும் போகும் வழி அந்தக் கான்தான்.

ஆக மூன்று மதிப்பீடு. முதலாவது மழைநீர். இரண்டாவது சுவர், தரை, கதவு. மூன்றாவது மின்சாரமும் காட்சியும். ரீ.ஓ. என்று எல்லோரும் கூப்பிடும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரோ பொறியியலாளரோ மூன்றையும் தனித்தனியாகத் தயாரித்து ஒவ்வொன்றிலும் கையொப்பம் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் மற்றது இல்லாமலே முழுமையாக நிற்க வேண்டும். இப்படிப் பிரித்தால் ஒரு தொகுதியை ஒரு நிதியத்திடம் முழுதாகக் கொடுக்கலாம். “நாற்பது வீதம் உங்களுடையது, மீதியைத் தேடுகிறோம்” என்று கேட்பதைவிட இது பல மடங்கு சுலபம். ஒரே தொகுதியை இரண்டு பேரிடம் காட்டாதீர்கள். இருவருமே சரி என்று சொல்லும் நாள் வந்தால் ஒருவருடைய காசைத் திருப்ப வேண்டும், அதோடு பெயரும் கெடும்.

வற் என்ற பெறுமதி சேர் வரியை எல்லோரும் மறக்கிறார்கள். வேலைக்கு ரூபா 20 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பாராச் செலவு 10 வீதம் சேர்த்தால் 22 இலட்சம். கொந்தராத்துக்காரர் வற் பதிவு உள்ளவர் என்றால் அதன் மேல் 18 வீதம், 3 இலட்சத்து 96 ஆயிரம். மொத்தம் 25 இலட்சத்து 96 ஆயிரம். இருபது இலட்சம் என்று விண்ணப்பித்துவிட்டுப் பிறகு இந்த ஆறு இலட்சத்தைத் தேடுவது கூரை வேலையைவிடக் கடினம். விலைமனு கேட்கும்போதே வற்றைத் தனி வரிசையில் காட்டச் சொல்லுங்கள். பதிவில்லாத சிறிய பாஸ் அந்த வரியைக் கேட்க முடியாது. ஆனால் பொருள் விலையில் அது ஏற்கனவே உட்கார்ந்திருக்கும்.

எந்தக் காசு எந்த மாதத்தில்

மலையகத்தின் மேற்குச் சரிவில், அதாவது ஹற்றன், நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கம், கூரையைத் திறக்க ஏற்ற காலம் ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளையில் கணக்கு மாறும். அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழையில்லாத காலம், ஆனால் காற்று பலம். மழை ஒக்டோபரில் பிடித்தால் ஜனவரி வரை.

அரசாங்கக் காசின் பருவம் வேறு. நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஒதுக்கீடு வந்து, பட்டியல் போய், அனுமதி ஆகிப் பிரதேச செயலகத்துக்கு வர வருடத்தின் பாதி போய்விடும். டிசெம்பருக்குள் வேலை முடித்துப் பில் கொடுக்காவிட்டால் காசு திரும்பிவிடும். மேற்குச் சரிவில் இதன் அர்த்தம், கூரைக்கான காசு சரியாக மழையோடு வரும் என்பதுதான். ஒக்டோபரில் கூரையைப் பிரித்து, தார்ப்பாயை நம்பி, ஆவணப் பெட்டிகளை நனைத்த கதை ஒன்றிரண்டல்ல.

அதனால் அரச நிதியை, பாராளுமன்ற உறுப்பினர் வழி வரும் பன்முகப்படுத்திய நிதி என்றாலும் மாகாண சபை நிதி என்றாலும், இரண்டாவது தொகுதிக்குக் கேளுங்கள். தரை, கதவு, உட்சுவர் வேலையை மழையிலும் செய்யலாம். கூரைக்குத் தனியார் நிதியத்தின் காசு, தூதரகச் சிறு மானியம், நன்கொடை ஆகியவற்றை ஒதுக்கி, நவம்பரில் கையில் இருக்கும்படி ஒப்பந்தம் போடுங்கள். ஊவாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே அரச காசும் மழையில்லாத காலமும் ஓரளவு சேர்ந்தே வரும்.

பிரதேச சபையையும் விட்டுவிடாதீர்கள். தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று முன்பு கைவிரிப்பார்கள். 2018 இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தியதோடு அந்தத் தடை நீங்கியது. பழைய பதிலை இன்னும் சொல்லும் அலுவலர் இருக்கலாம், திருத்தத்தின் பிரதியைக் கையில் எடுத்துப் போங்கள். சபையிடம் கேட்க வேண்டியது ரொக்கம் அல்ல. பாதைக்குக் கல், மடைக்குக் குழாய், மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் அரை நாள் என்று கேட்டால் கிடைக்கும்.

தனி ஆட்களிடம் கேட்பதற்கு அந்த 588 அடி நன்றாக உதவும். தகடு, ரீப்பை, திருகாணி, கூலி எல்லாம் கூட்டி 588 ஆல் பிரித்தால் ஓர் அடிக் கூரையின் விலை வரும். “கூரை நிதிக்கு உதவுங்கள்” என்பதைவிட “ஓர் அடி இவ்வளவு, உங்கள் காம்பராவுக்கு மேலே எத்தனை அடி?” என்று கேட்டால் கொழும்பில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருப்பவர்களும் தருகிறார்கள். பற்றுச்சீட்டில் அடியையும் எழுதுங்கள். ஆனால் நிதியம் ஒன்று முதல் தொகுதியை முழுதாக ஏற்றிருந்தால் அடிக்கணக்கு நன்கொடையை அதற்குக் கேட்கக் கூடாது. அது இரட்டை வசூல்.

தோட்டத்தில் இப்போது வேலை செய்கிறவர்களிடம் செக்ரோலில் பிடித்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம். கோயிலுக்கு, சங்கத்துச் சந்தாவுக்கு, மரண உதவிக்கு என்று அந்தச் சம்பளத்தில் ஏற்கனவே போதுமான அளவு பிடிக்கிறார்கள். கான் வெட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் கேளுங்கள், வருவார்கள். கூரையில் மட்டும் சிரமதானக்காரரை ஏற்றாதீர்கள். விழுந்தால் மருத்துவச் செலவை ஏற்க எந்த மதிப்பீட்டிலும் வரி இருக்காது.

காசைக் கொடுக்கும் வரிசை

கொந்தராத்துக்கு இரண்டு வழி. பொருளும் கூலியும் சேர்த்து ஒருவரிடம் கொடுப்பது ஒன்று. பொருளை நாமே வாங்கி, கூலிக்கு மட்டும் பேசுவது மற்றது. இந்த அளவு வேலைக்கு இரண்டாவதே நல்லது. சிறிய பாஸிடம் முற்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் கேட்டால் அவரால் தர முடியாது. உத்தரவாதம் இல்லாமல் 20 வீதம் கொடுத்தால் கணக்காய்வில் கேள்வி வரும். பொருளை நாமே வாங்கினால் முற்பணப் பிரச்சினையே இல்லை, தகட்டின் தடிப்பும் நம் கண்முன் இருக்கும். 0.47 மி.மீ. எழுதி வாங்கிய இடத்தில் அதைவிட மெல்லிசு இறங்குவது பழைய வித்தை. நுண்ணளவி ஒன்று கையில் வையுங்கள்.

முழுக் கொந்தராத்து என்றால் இப்படிப் பிரிக்கலாம்: முற்பணம் 20 வீதம், கைமரமும் ரீப்பையும் முடிந்ததும் 25, தகடு ஏறியதும் 30, பீலியும் கானும் முடிந்ததும் 15, கையளித்ததும் 5, பிடித்துவைப்பு 5. அந்தக் கடைசி ஐந்தை ஒரு பருவமழை முழுதாகப் பெய்து முடியும் வரை விடாதீர்கள். மார்ச்சில் முடித்த கூரைக்கு மே மாதம் பணம் கொடுத்தால் அந்தக் கூரை இன்னும் சோதனையே காணவில்லை என்று அர்த்தம்.

நிதியம் காசு தரும் வரிசையும் இதுவும் பொருந்தாது. பெரும்பாலும் 40 வீதம் முதலில், 40 அறிக்கைக்குப் பின், கடைசி 20 கணக்காய்வு முடிந்த பின் என்று வரும். மேலே சொன்ன 25 இலட்சத்து 96 ஆயிரத்தில் 20 வீதம் என்றால் 5 இலட்சத்து 19 ஆயிரம். கடைசி இரண்டு மாதம் இதை யாராவது கைமாற்றுக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் பேசும் மேசையிலேயே கடைசித் தவணையைப் பத்து வீதமாக்கக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கான் வெட்டும் கூலியைக் கடைசிக்குத் தள்ளி, அதை அடிக்கணக்கு நன்கொடையில் இல்லாத வேறு பொது வரவிலிருந்து தற்காலிகமாக ஓட்டலாம். செயற்குழுத் தீர்மானத்தில் அதை எழுதி வைத்த பிறகு மட்டும்.

பில்லைப் பற்றி ஒரு சின்னச் சங்கதி. ஹாட்வெயார் கடையில் இயந்திரம் துப்பும் வழுவழுப்பான பில் ஆறு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே பிரதி எடுத்து, பிரதியின் பின்பக்கம் எந்த நிதி, எந்தத் தொகுதி, எந்த வரி என்று எழுதி ஒருவர் கையொப்பம் இடட்டும். மணல் கியூப் இறக்குகிறவர், கல் உடைக்கிறவர் பில் தர மாட்டார்கள். அவர்களுக்கு நம் வவுச்சரில் அடையாள அட்டை இலக்கம், லொறி இலக்கம், அளவு, கையொப்பம். மணல் அனுமதிப்பத்திரத்தின் பிரதியையும் சேர்த்து வையுங்கள், சில நிதியங்கள் கேட்கும்.

கூரையில்

ஒரே நாளில் முழுதையும் பிரிக்காதீர்கள். இரண்டு காம்பராவாக மூன்று தடவை. அந்த இரண்டு காம்பராப் பொருளை மட்டும் மற்ற நாலுக்குள் மாற்றினால் போதும். தொழிலாளரின் பழைய தகர டிக்கெட், துண்டுச் சீட்டு, பதிவேடு எல்லாம் எண்ணிட்ட பெட்டியில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில். காற்றுப் படாமல் பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியால் மூடி, மேலே மட்டும் பொலித்தீன் விரியுங்கள்.

தகடு போடுவது காற்று வரும் பக்கத்துக்கு எதிர்முனையிலிருந்து. அப்போதுதான் மேல்படிவின் வாய் காற்றுக்கு முதுகு காட்டும். மேற்குச் சரிவில் கிழக்கு முனையில் தொடங்குங்கள். திருகாணி அலையின் மேட்டில், பள்ளத்தில் அல்ல. றப்பர் வளையம் இலேசாகப் பிதுங்கும் வரை மட்டும் முடுக்குங்கள். அதற்கு மேல் முடுக்கினால் வளையம் வெடித்து இரண்டு வருடத்தில் அதே துளையால் ஒழுகும். முனைத் தகடுகளிலும் இறவாரத்திலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று, காற்று தூக்குவது அங்கிருந்துதான்.

தகட்டை வெட்டக் கிரைண்டர் வேண்டாம், கத்தரி போதும். கிரைண்டர் பொறி விழுந்த இடமெல்லாம் பொட்டுப் பொட்டாய்த் துரு பிடிக்கும். துளை போட்ட இரும்புத் தூளை அன்றைக்கே கூட்டித் தள்ளுங்கள். இன்னொன்று, முகட்டையும் சுவரோரத்தையும் சீமெந்துச் சாந்து வைத்து அடைக்கும் பழக்கம் மேசன் பாஸ்மாருக்கு உண்டு. சிங்க்-அலுமினியத் தகட்டை ஈரச் சீமெந்து அரித்துவிடும். தகரத்தில் மடித்த ஓரத்தகடு போட்டு, ஒட்டுப்பசையால் அடைக்கச் சொல்லுங்கள். செம்பு கலந்த மருந்து ஊட்டிய மரமும் தகட்டுக்கு ஆகாது. கறையானுக்கு ரீப்பையில் போரக்ஸ் கரைசல் பூசினால் போதும்.

பின்னால் பிறகு சேர்த்த குசினியில் அஸ்பெஸ்டஸ் இருந்தால், உடைக்காமல், தண்ணீர் தெளித்து, திருகைக் கழற்றி முழுத் தகடாகக் கையால் இறக்க வேண்டும். பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது, காய்ந்த நிலையில் துளை போடுவது இரண்டும் கூடாது. இரட்டைப் பொலித்தீனில் சுற்றி அகற்றும் செலவை முதலாவது தொகுதியிலேயே சேருங்கள்.

சுவரும் கானும்

கான் லயத்துச் சுவரிலிருந்து 3 அடி தள்ளி, அடிமட்டம் உள்தரையைவிடக் குறைந்தது 6 அங்குலம் கீழே. 60 அடிக்கு 7 அங்குலச் சரிவு. பழைய லயத்துக் கருங்கல் அத்திவாரம் ஒன்றரை, இரண்டு அடிதான் இருக்கும். சுவரை ஒட்டி முழு நீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்டினால் அத்திவாரத்தின் காலை வெட்டியதாகிவிடும். பத்து அடி தோண்டி, கட்டி முடித்து, அடுத்த பத்து அடி.

ஊறிய பின்சுவரின் உட்பக்கச் சீமெந்துப் பூச்சை 3 அடி உயரத்துக்குச் சுரண்டி எடுங்கள். பெயின்ற் உரிவதற்குக் காரணம் மழை என்று நினைத்து மேலும் மேலும் சீமெந்து பூசியிருப்பார்கள். கல்லுக்குள் ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறியிருக்கும். 180 சதுர அடிக்கு, இரண்டு பூச்சாக மொத்தம் 20 மி.மீ., ஒன்றுக்கு மூன்று கலவையில் 20 லீற்றர் வாளியால் 7 வாளி சுண்ணாம்புக் களி, 21 வாளி சலித்த மணல். கல் மேடு பள்ளத்துக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மாத்தளைப் பக்கம் டொலமைட் சுட்டு எடுக்கும் சுண்ணாம்பை வாங்கி, தண்ணீரில் குறைந்தது மூன்று வாரம் ஊற விடுங்கள். மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது, கான் வேலை முடியும் வரை பீப்பாயில் கிடக்கட்டும். ஒரு பூச்சு 10 மி.மீ. தாண்டினால் வெடிக்கும். மலைக்குளிரில் காய நாளாகும், அவசரப்பட்டு நெருப்பு மூட்டிக் காய வைத்தால் மாவாக உதிரும். ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரம், பிறகு இரண்டாம் பூச்சு. சீமெந்து ஒரு கரண்டி போட்டால் சீக்கிரம் பிடிக்கும் என்று பாஸ் சொல்வார். போட விடாதீர்கள். கூலி நாள் கூடுவதை அவரோடு முன்கூட்டியே பேசி, சதுர அடிக்கு அல்லாமல் நாட்கூலிக்கு வையுங்கள்.

கழிவுத் தகரம் விற்ற காசும் உண்டியல் காசும் தனிப் பராமரிப்புக் கணக்கில் போகட்டும். வருடத்துக்கு வேண்டியது பெரிதல்ல. ஏப்ரல் கடைசியிலும் செப்டெம்பர் கடைசியிலும் இரண்டு ஆளுக்கு அரை நாள் கூலி, நூறு திருகாணி, ஒட்டுப்பசைக் குழாய் ஒன்று, வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு. நிழலுக்கு நட்ட கிரவீலியாவின் இலை பீலியின் வாயில் பாய் பின்னினாற்போல் அடைத்துக்கொள்ளும். அதை எடுக்காத வருடம் தண்ணீர் சுவருக்குள் இறங்கும்.

பிடித்துவைப்புப் பணத்தைக் கொடுக்கும் முன் பாஸையும் கூட்டிக்கொண்டு, ஒரு பெருமழையில் மறுபடி வெண்கட்டியோடு உள்ளே போங்கள். பழைய வட்டங்கள் தரையில் இன்னும் மங்கலாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரமில்லாத வட்டத்துக்கு ஒரு குறுக்குக் கோடு. ஈரமானதற்கு நேர் மேலே எந்தத் திருகாணி என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். மழை விட்டதும் ஏணி வைத்து அதைச் சரிசெய்துவிட்டு வந்தால் காசோலையை எழுதலாம்.